காணாக்கடி

நேயர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் காணாக்கடி என்ற சொல் தெரிந்திருக்கும். உடம்பில் திடீரென்று தடிப்புத் தடிப்பாக எழும்பும். அரிக்கும். கையில் அடங்கினால் முதுகில் கிளம்பும். என்ன கடித்தது என்று தேடினால் எறும்பும் இருக்காது, பூச்சியும் இருக்காது. கண்ணில் படாத ஏதோ ஒன்று கடித்துவிட்டது என்று முடிவுகட்டி, நம் ஆயாமார் அதற்குக் காணாக்கடி என்று பெயர் வைத்தார்கள். வெற்றிலையில் மிளகை வைத்து மடித்து மெல்லக் கொடுப்பார்கள்.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் 30 வருஷத்துக்கு மேல் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள். அந்தக் கண்ணில் படாத கடியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதைக் கடி என்பதைவிடப் பிடி என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். அதிலும் ஒற்றைப் பிடி போதாது, இரட்டைப் பிடி வேண்டும். இந்த ஒரு விஷயம் உங்கள் மனத்தில் தங்கிவிட்டால் நான் வந்த வேலை முடிந்தது. அதனால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் சின்னாத்தா கதை.

1971ஆம் வருஷம். எனக்குப் பத்து வயது. பள்ளத்தூரில் ஆயா வீட்டில் விடுமுறைக்கு இருந்தோம். தொண்டியிலிருந்து காலை பஸ்ஸில் ஈரச் சாக்கில் இறால் வரும். அன்று இரண்டாம் கட்டு முழுக்க மிளகும் சோம்பும் மணக்கும். அம்மாவின் தங்கை, எங்கள் சின்னாத்தாவுக்கு இறால் என்றால் உயிர். வறுவலைச் சாப்பிட்டு முடித்த பிறகும் விடமாட்டார். சட்டியில் ஒட்டியிருக்கிற மசாலாவில் இரண்டு பிடி சோற்றைப் போட்டுப் பிரட்டி, அதையும் எங்களுக்கு ஆளுக்கொரு உருண்டை கொடுத்துவிட்டு மீதியைத் தானே சாப்பிடுவார்.

அன்றைக்கும் அப்படித்தான் சாப்பிட்டார். அரை மணி நேரம் இருக்கும். உள்ளங்கை அரிக்கிறது என்றார். காது சிவந்தது. உதடு வீங்கியது. கழுத்தெல்லாம் தடிப்பு. ஆயா ஓடிவந்து பார்த்து, காணாக்கடி என்றார்கள். வெற்றிலை, மிளகு. சாயங்காலத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. கிணற்றடியில் ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். இறாலை யாரும் நினைக்கவில்லை. எப்படி நினைப்பார்கள்? பல் முளைத்ததிலிருந்து தின்கிற இறால் அல்லவா?

ஆறேழு மாதம் கழித்து தேவகோட்டையில் ஒரு உறவுக்காரர் வீடு. இதற்குள் சின்னாத்தாவுக்கே ஒரு சந்தேகம் வந்திருந்தது. நடுவில் இன்னொரு முறை இறால் சாப்பிட்டபோதும் அரித்ததாம். அதனால் அன்று, எனக்கு இறால் வேண்டாம், குழம்பு மட்டும் ஊற்றுங்கள் என்றார். பரிமாறின ஆச்சியும் ஒரு துண்டு கூட விழாமல் கரண்டியால் ஒதுக்கி ஒதுக்கித்தான் ஊற்றினார். நான் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தேன், நன்றாக நினைவிருக்கிறது. சின்னாத்தா கை கழுவ எழுந்திருக்கவில்லை. அதற்குள் குரல் மாறிவிட்டது. தொண்டையில் என்னமோ நிற்கிறது என்றார். வாந்தி எடுத்தார். வளவில் ஒரு தூணைப் பிடித்தபடி அப்படியே சரிந்துவிட்டார். முகம் வெளுத்து, உதடு நீலம் பாரித்திருந்தது.

அதே தெருவில் ஒரு டாக்டர் குடியிருந்தார். சட்டையைக்கூட முழுதாகப் போடாமல் பையோடு ஓடிவந்தார். வந்தவுடன் தொடையில் ஒரு ஊசி போட்டார். யாரையும் தூக்கி உட்கார வைக்க விடவில்லை. படுக்க வைத்து, கால்களுக்கு அடியில் மணைப்பலகையை அடுக்கச் சொன்னார். பத்து நிமிஷத்தில் சின்னாத்தா முகத்தில் ரத்தம் ஓடியது. என் ஐயா அவரிடம், அது என்ன மருந்து என்று கேட்டார்கள். அட்ரீனலின் என்றார். அந்தப் பெயரை நான் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். விலங்கியல் படிக்கப் போனதற்கு அந்தப் பக்கமும் ஒரு காரணம்.

இரவெல்லாம் வீட்டில் ஒரே பேச்சு. இத்தனை வருஷம் ஒன்றும் செய்யாத இறால் இப்போது ஏன் செய்தது? வெறும் குழம்பு எப்படிச் செய்தது? நிமிஷக் கணக்கில் ஆளையே சாய்க்கிற வேகம் எங்கிருந்து வந்தது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே ஒரு செல்லில் இருக்கிறது. அதன் பெயர் மாஸ்ட் செல்.

1878இல் பால் எர்லிச் என்ற ஜெர்மானிய மாணவர், அப்போது அவருக்கு 24 வயது, துணிக்குப் போடுகிற சாயங்களை உடல் திசுக்களின் மேல் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சில செல்கள் மட்டும் சாயத்தின் நிறத்தையே மாற்றிக் காட்டின. உள்ளே பொட்டுப் பொட்டாகக் குருணை நிறைந்திருந்தது. நன்றாகத் தின்று கொழுத்த செல் போலிருக்கிறது என்று எண்ணி, கொழுக்க வைத்தல் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லை வைத்து மாஸ்ட் செல் என்று பெயரிட்டார். அது சாப்பாட்டு மூட்டை அல்ல என்பது பிறகு தெரிந்தது, ஆனாலும் பெயர் நின்றுவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். டொலுயிடின் நீலம் என்ற சாயம். பெயரில் நீலம், சுற்றியுள்ள திசுவும் நீலம். மாஸ்ட் செல்லின் குருணைகள் மட்டும் நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி ஊதாவாக நிற்கும். நுண்ணோக்கியில் முதன்முதலாக அதைப் பார்க்கிற பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே நான் அந்த வகுப்பை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இந்தச் செல்கள் தோலுக்கு அடியில், மூக்கில், மூச்சுக்குழாயில், குடலில், சின்னச் சின்ன ரத்தக் குழாய்களை ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. வெளியுலகம் நம் உடம்பைத் தொடுகிற இடங்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குத் திண்ணை மாதிரி. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான குருணை மூட்டைகள். ஒவ்வொரு மூட்டையிலும் ஹிஸ்டமின், ஹெப்பாரின், இன்னும் பல பொருள்கள். மூட்டை அவிழ்ந்தால்தான் தொல்லை. அவிழ்க்கச் சொல்வது யார்?

இங்கே இன்னொரு ஆளை அறிமுகம் செய்ய வேண்டும். ஆன்டிபாடி. கிருமி வந்தால் அதை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிற புரதம். தடுப்பூசி போடும்போதெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதில் பல வகை உண்டு. ஒவ்வாமைக்குக் காரணமான வகையின் பெயர் ஐஜிஇ.

இதைக் கண்டுபிடித்த கதையும் மீனில்தான் தொடங்குகிறது. 1921இல், அப்போது ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரத்தில், பிரவுஸ்னிட்ஸ் என்றும் குஸ்ட்னர் என்றும் இரண்டு மருத்துவர்கள். குஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஆகாது. பிரவுஸ்னிட்ஸுக்கு மீனால் ஒரு தொந்தரவும் இல்லை. குஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து தெளிநீரை எடுத்து பிரவுஸ்னிட்ஸின் வயிற்றுத் தோலில் ஒரு இடத்தில் ஊசியால் ஏற்றினார்கள். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார்கள். சில நிமிஷத்தில் அந்த இடம் மட்டும் தடித்துச் சிவந்து அரித்தது! யோசித்துப் பாருங்கள். மீன் ஆகாத மனிதரின் ரத்தத்தில் இருந்த ஏதோ ஒன்று, மீன் ஆகிற மனிதரின் தோலில் போய் ஒட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறது. ஒட்டிக்கொண்டு காத்திருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஏதோ ஒன்று என்னவென்று தெரிய இன்னும் 45 வருஷம் ஆயிற்று. அவ்வளவு குறைவாக ரத்தத்தில் இருக்கிறது அது. சாதாரண ஆன்டிபாடியோடு பார்த்தால் பல்லாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஜப்பானியத் தம்பதி கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் 1966இல் அதைப் பிரித்துக் காட்டினார்கள். சோதனைகளைத் தங்கள் தோலிலேயே செய்துகொண்டார்கள். அதே சமயம் சுவீடனில் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிச் இருவரும் தனியாக இன்னொரு வழியில் அதே புரதத்தைக் கண்டார்கள். 1968இல் இரண்டும் ஒன்றுதான் என்று உறுதியாகி ஐஜிஇ என்ற பெயர் நிலைத்தது.

சரி, வகுப்பறையாக இருந்தால் கரும்பலகையில் படம் போடுவேன். வானொலியில் அது முடியாது. நமக்குத் தெரிந்த பொருள்களை வைத்தே பார்ப்போம்.

ஐஜிஇ எப்படி இருக்கும்? சின்னப் பையன்கள் உண்டிவில் செய்ய ஒடித்து வைத்திருக்கும் கவட்டை மாதிரி இருக்கும். கீழே ஒரு காம்பு, மேலே இரண்டு கிளை. மேலே உள்ள இரண்டு முனையும் பிடிக்கிற கைகள். இறாலுக்கான ஐஜிஇ என்றால் இரண்டு கையும் இறால் புரதத்தை மட்டுமே பிடிக்கும். காம்பு மாஸ்ட் செல்லின் மேல் இருக்கிற ஏற்பியில், அதாவது அதை வாங்கிக்கொள்வதற்கென்றே அமைந்த புரதத்தில், போய்ச் செருகிக்கொள்ளும். அந்தச் செருகல் சாமானியமானதல்ல. ரத்தத்தில் மிதக்கிற ஐஜிஇயில் பாதி இரண்டு நாளில் மறைந்துவிடும். மாஸ்ட் செல்லில் செருகியதோ வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். பிரவுஸ்னிட்ஸின் வயிற்றுத் தோலில் காத்திருந்தது இதுதான்.

இப்போது ஒரு ஊருணியை நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஊருணி இல்லாத கிராமம் ஏது? தண்ணீர் நிறைந்து நிற்கிற காலம். அந்தத் தண்ணீர்ப் பரப்புதான் மாஸ்ட் செல்லின் தோல். அதன் மேல் லட்சக்கணக்கான கவட்டைகள் காம்பு கீழே, கைகள் மேலே என்று மிதக்கின்றன. நட்டு வைத்த கம்பம் போல அசையாமல் நிற்கவில்லை, மிதக்கின்றன. அங்கும் இங்கும் நகர்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாக. இப்படி இருக்கும்வரை ஒன்றும் நடக்காது. ஆயுள் முழுக்க இப்படியே இருந்தாலும் ஒன்றும் நடக்காது.

ஒரு கருவேல முள் ஒன்று, ஒற்றை முள், காற்றில் வந்து விழுகிறது. ஒரு கவட்டையின் ஒரு கை அதைப் பிடித்துக்கொள்கிறது. என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஆயிரம் ஒற்றை முள் விழுந்து ஆயிரம் கவட்டையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டாலும் ஒன்றும் ஆகாது.

இப்போது முள் நிறைந்த ஒரு கருவேலங்கிளை விழுகிறது. ஒரு முள்ளை ஒரு கவட்டை பிடிக்கிறது, அடுத்த முள்ளை இன்னொரு கவட்டை பிடிக்கிறது, அதற்கடுத்ததை மூன்றாவது பிடிக்கிறது. தனித்தனியாக மிதந்தவை ஒரே கிளையால் பக்கத்தில் பக்கத்தில் இழுத்துச் சேர்க்கப்படுகின்றன. சேர்ந்த அந்த நொடியில்தான் மாஸ்ட் செல் விழித்துக்கொள்கிறது. தொட்டதால் அது விழிப்பதில்லை, சேர்த்ததால்தான் விழிக்கிறது. ஒற்றை முள்ளை ஒற்றைப் பிடிப் பொருள் என்றும், முள்கிளையைப் பல பிடிப் பொருள் என்றும் சொல்லலாம். ஒவ்வாமையைக் கிளப்புவது பல பிடிப் பொருள்தான்.

பள்ளிப் புத்தகத்தில் பூட்டும் சாவியும் என்று ஒரு உவமை இருக்கும். பொருள் வந்து ஏற்பியில் பொருந்தும், சாவி போட்டதும் பூட்டு திறக்கும் என்று. பல இடங்களுக்கு அது சரி. இங்கே அது தவறான எண்ணத்தைக் கொடுத்துவிடுகிறது. ஒரு சாவி ஒரு பூட்டில் எத்தனை அழகாகப் பொருந்தினாலும் மாஸ்ட் செல்லின் கதவு திறக்காது. சில வளவு வீடுகளில் பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். மூத்தவரிடம் ஒரு சாவி, இளையவரிடம் ஒரு சாவி. இருவரும் ஒன்றாக வந்து நின்றால்தான் திறக்கும். மாஸ்ட் செல் அந்தப் பெட்டி. இதை நான் பாடத்திட்டக் கூட்டங்களில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பூட்டு சாவிப் படத்தோடு இந்த இரண்டு சாவிப் படத்தையும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று இப்போதும் சொல்கிறேன்.

சேர்த்தால்தான் கிளம்பும் என்பதை எப்படி உறுதி செய்தார்கள்? 1977இல் அமெரிக்காவில் ஹென்றி மெட்ஸ்கரின் குழு ஒரு காரியம் செய்தது. ஒவ்வாமைப் பொருளையே ஒதுக்கிவிட்டார்கள். இறால் இல்லை, மகரந்தம் இல்லை, எதுவும் இல்லை. ஐஜிஇக்களை மட்டும் எடுத்து, வேதிமுறையில் இரண்டிரண்டாகக் கோத்து, ஜோடி ஜோடியாக மாஸ்ட் செல்களுக்குக் கொடுத்தார்கள். தனி ஐஜிஇ கொடுத்தபோது செல்கள் சும்மா இருந்தன. ஜோடி கொடுத்ததும் மூட்டைகள் அவிழ்ந்தன. எவ்வளவு எளிய சோதனை, எவ்வளவு தெளிவான விடை! இரண்டு ஏற்பி பக்கத்தில் வந்தால் போதும், எது இழுத்து வந்தது என்று செல் கேட்பதில்லை.

இரண்டு ஏன் வேண்டும்? அதற்கும் விடை இருக்கிறது. ஏற்பியின் உள்பக்கத்தில், செல்லுக்குள் தொங்கும் வாலில், லின் என்ற நொதி சில இடங்களில் ஒட்டியிருக்கும். அகல்விளக்கை ஏற்றுகிற தீக்குச்சி அது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குச்சி தான் ஒட்டியிருக்கிற ஏற்பியின் விளக்கை ஏற்றுவதில்லை. பக்கத்து ஏற்பியின் விளக்கைத்தான் ஏற்றும். தனியாக மிதக்கிறவனுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அதனால் விளக்கு ஏறாது. கிளை இழுத்துச் சேர்த்ததும் ஒருவர் விளக்கை அடுத்தவர் ஏற்ற, அங்கிருந்து அடுத்த நொதி, அதற்கடுத்த நொதி என்று கார்த்திகை தீப வரிசை போல ஓடுகிறது. ஏற்றின விளக்கை ஊதி அணைக்கிற நொதிகளும் செல்லுக்குள் உண்டு. ஆகவே லேசாக உரசிவிட்டு விலகினால் போதாது, சேர்ந்தது சற்று நேரம் சேர்ந்தே இருக்க வேண்டும். கடைசியில் செல்லுக்குள் கால்சியம் ஏறும், மூட்டைகள் செல்லின் ஓரத்துக்கு வந்து வெளியே கொட்டும். அத்தனையும் சில நிமிஷங்களில். செல்லின் எல்லாக் கவட்டைகளும் சேர வேண்டும் என்பதில்லை. மிகச் சிறு பங்கு சேர்ந்தாலே போதும். கொட்ட வேண்டிய ஹிஸ்டமினைப் புதிதாகச் சமைக்க வேண்டியதும் இல்லை, மூட்டை முன்பே கட்டி வைத்தது. அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இதுதான் விடை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விந்தையைச் சொல்லாமல் போக மாட்டேன். கிளைகளை மேலும் மேலும் கொட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒவ்வாமை ஏறிக்கொண்டே போகும் என்றுதான் தோன்றும். ஆய்வகத்தில் செல்களை வைத்துப் பார்த்தால் ஒரு அளவுவரை ஏறுகிறது, அப்புறம் இறங்குகிறது! ஏன்? ஊருணி கொள்ளாத அளவுக்குக் கிளை கொட்டினால், ஒவ்வொரு கவட்டைக்கும் தனித்தனிக் கிளை கிடைத்துவிடும். ஒரே கிளையை இருவர் பகிர்ந்து பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. சேர்க்கை குறைகிறது, விளக்கு குறைகிறது. இது கண்ணாடிக் குழாயில் நடப்பது. இதைக் கேட்டுவிட்டு, அதிகமாகத் தின்றால் ஒன்றும் செய்யாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உடம்புக்குள் இந்தக் கணக்கை நம்பி இறங்கினால் உயிருக்கு ஆபத்து. சேர்க்கைதான் முக்கியம், அளவு இரண்டாவது என்பதற்குச் சாட்சியாகத்தான் சொன்னேன்.

இப்போது சின்னாத்தாவிடம் திரும்பிப் போவோம்.

இத்தனை வருஷம் ஒன்றும் செய்யாத இறால் ஏன் செய்தது? கவட்டை இல்லாத ஊருணியில் கிளை விழுந்தால் மிதந்துவிட்டுப் போகும். சாப்பிட்ட காலமெல்லாம் இறாலுக்கான ஐஜிஇ அவர் உடம்பில் இல்லை. எப்போதோ ஒரு கட்டத்தில் உடம்பு அதைத் தயாரிக்கத் தொடங்கி, மாஸ்ட் செல்களில் செருகி வைத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த இறால்தான் மாட்டியது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் சார்ல்ஸ் ரிஷேயும் பால் போர்த்தியேயும் 1902இல் கடல் சாமந்தி என்ற கடல் பிராணியின் நஞ்சை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இதைத்தான் கண்டார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்து மிகக் குறைந்த அளவு கொடுத்ததும் நிமிஷங்களில் செத்தது. அதற்கு அனஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே, இதுவரை ஒன்றும் செய்யவில்லையே என்பது ஒரு பாதுகாப்பே இல்லை.

குழம்பு எப்படிச் செய்தது? இறாலில் ஒவ்வாமை தருகிற முக்கியமான புரதம் டிரோபோமயோசின். தசையில் இருப்பது. இரண்டு இழையை ஒன்றோடொன்று முறுக்கின கயிறு மாதிரி நீளமானது. ஒரே மாதிரி இரண்டு இழை என்பதால் கை பிடிக்கிற இடமும் இரட்டித்துவிடுகிறது. போதாததற்கு நீளம் முழுக்கப் பல இடங்களில் பிடி. கருவேலங்கிளைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதோடு, எவ்வளவு கொதித்தாலும் இது கெடுவதில்லை. தண்ணீரில் கரையும். இறால் துண்டிலிருந்து கசிந்து குழம்பில் இறங்கிவிடும். பரிமாறின ஆச்சி துண்டை ஒதுக்கினார், கிளை குழம்பில்தான் இருந்தது. நண்டிலும் கிட்டத்தட்ட இதே புரதம். கரப்பான்பூச்சியிலும் வீட்டுத் தூசியில் வாழ்கிற கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளிலும்கூட இதன் சாயல் உண்டு. மீனில் ஒவ்வாமை தருவது வேறு புரதம். சின்னாத்தா கடைசிவரை வஞ்சிரம் மீன் சாப்பிட்டார். உங்களுக்கு எது ஆகும், எது ஆகாது என்பதை மருத்துவரிடம் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், வீட்டில் தின்று பார்த்து அல்ல.

பெனிசிலினைப் பற்றி ஒரு வார்த்தை. அது மிகச் சின்ன மூலக்கூறு, ஒற்றை முள். நான் சொன்ன கணக்குப்படி அது ஒன்றும் செய்யக்கூடாது அல்லவா? மாணவிகள் இதை விடாமல் கேட்பார்கள், கேட்டால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பெனிசிலின் உடம்புக்குள் போய் நம் சொந்தப் புரதங்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஒரே புரதத்தில் பல பெனிசிலின். வெறும் குச்சியில் முள்ளை ஒட்டிக் கிளையாக்கிவிட்டது போல. ஒற்றைப் பிடி அங்கேயே பல பிடி ஆகிவிடுகிறது.

அடுத்தது, தயவுசெய்து வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். மூட்டை அவிழ்ந்து கொட்டுவது ஹிஸ்டமின் மட்டும் அல்ல. ஹிஸ்டமின் ரத்தக் குழாயைத் தளர்த்தி நீரைக் கசிய விடுகிறது. தடிப்பும் வீக்கமும் அதனால். நரம்பைத் தூண்டி அரிப்பைத் தருகிறது. அதோடு லூக்கோட்ரயீன் போன்ற பொருள்களையும் மாஸ்ட் செல் உடனடியாகச் செய்து அனுப்புகிறது. அவை மூச்சுக்குழாயை இறுக்கும். தோலோடு நின்றால் அது ஆயாவின் காணாக்கடி. பெரும்பாலும் தானாக அடங்கும். வெற்றிலையும் மிளகும் கொடுத்த பிறகு அடங்கியதால் அவற்றுக்குப் பெயர் கிடைத்தது. அன்போடு கொடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குரல் மாறினால், மூச்சு இழுத்தால், நாக்கு வீங்கினால், தடிப்போடு வாந்தியோ தலைச்சுற்றலோ மயக்கமோ வந்தால், வெற்றிலைக்கு நேரமில்லை. அரிப்பு மாத்திரைக்கும் நேரமில்லை. அந்த மாத்திரை ஹிஸ்டமினை மட்டும்தான் தடுக்கும், மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் காப்பாற்றாது. காப்பாற்றுவது அட்ரீனலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில், தாமதிக்காமல். தளர்ந்த ரத்தக் குழாயை அது இறுக்குகிறது, இறுகின மூச்சுக்குழாயைத் திறக்கிறது, மாஸ்ட் செல் மேலும் கொட்டுவதையும் அடக்குகிறது. 108க்குக் கூப்பிடுங்கள். ஆளைப் படுக்க வையுங்கள், காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும். எழுப்பி நிற்க வைக்காதீர்கள், நடத்திக் கூட்டிப்போகாதீர்கள். சரியாகிவிட்டது என்று உடனே வீட்டுக்கும் கிளம்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம், ஆஸ்பத்திரியில் இருந்து பார்க்கச் சொன்னால் இருங்கள்.

குளவிக்கும் தேனீக்கும் இதே கதைதான். கொட்டின இடத்தில் வீங்கினால் அது நஞ்சு. கொட்டாத இடமெல்லாம் தடித்து மூச்சு முட்டினால் அது கவட்டைகள் சேர்ந்த சேர்க்கை. திருவிழாவுக்கு வந்து வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் சிலருக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வருகிறதே, அதைப் பற்றித் தனியாகப் பேச ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். நூற்றாண்டுக்கு முன்பே, 1911இல், லெனார்ட் நூன் என்ற ஆங்கில மருத்துவர் மகரந்தச் சாற்றைத் துளித்துளியாகக் கொடுத்து உடம்பைப் பழக்கிய கதையையும் விடவேண்டியிருக்கிறது.

ஒன்றை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒமலிசுமாப் என்று ஒரு மருந்து 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஐஜிஇயைப் பிடிக்கிற ஆன்டிபாடி அது, அதற்கும் இரண்டு கை. இரண்டு கை உள்ள ஒன்று செல்லின் மேல் இருக்கிற இரண்டு ஐஜிஇயைப் பிடித்தால் என்ன ஆகும்? இவ்வளவு நேரம் கேட்ட உங்களுக்கே தெரியும். மருந்தே ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். அதனால், ஐஜிஇயின் காம்பில் எந்த இடம் ஏற்பிக்குள் செருகுமோ அந்த இடத்தோரமாகவே பிடிக்கிற ஆன்டிபாடியைத் தேடி எடுத்தார்கள். செல்லில் ஏற்கெனவே செருகி நிற்கிற ஐஜிஇயில் அந்த இடம் மறைந்திருக்கும், கை எட்டாது. ரத்தத்தில் தனியாக மிதப்பதை மட்டும் பிடித்து அப்புறப்படுத்தும். வாரங்கள் போகப் போக ஊருணியில் கவட்டைகள் குறைந்துகொண்டே வரும். ஆஸ்துமா இருக்கிற, பல காலமாகக் காரணமே தெரியாமல் காணாக்கடியால் அவதிப்படுகிற சிலருக்கு இன்று இதைக் கொடுக்கிறார்கள்.

நேரமாகிவிட்டது. வணக்கம்.